பழைய ஸ்ட்ராட் கிட்டாரில் பிக்கப் மாற்றலாமா? முதலில் அளந்து பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி) எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறீர்கள். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் மூன்று பிக்கப்புகளில் (காந்தமும் செப்புக் கம்பிச் சுற்றும் சேர்ந்தவை) நடு பிக்கப்பில் சத்தமே வரவில்லை. மற்ற இரண்டும் மங்கலாக, பலமில்லாமல் ஒலிக்கின்றன. இரைச்சலும் இருக்கிறது. மூன்று பிக்கப் கொண்ட புது செட் ஒன்றை வாங்கி நீங்களே வயரிங் செய்து மாட்டிவிடலாமா?

மாட்டலாம். சால்டரிங் அயர்னைப் பிடித்துக் கொஞ்சம் பழகியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் செட்டுக்குப் பணம் கட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பழைய கிட்டார் என்றால் உங்களுக்கு முன்னால் யாரோ அதைத் திறந்து கை வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "பிக்கப் போய்விட்டது" என்று என்னிடம் வந்த கிட்டார்கள் பலவற்றில் பிக்கப் நன்றாகவே இருந்தது. விட்டுப்போன ஒரு சால்டர், கறுத்துப்போன ஸ்விட்ச், யாரோ தவறாகப் போட்ட பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) என்று காரணம் வேறு எங்கோ இருந்தது. அந்த நிலையில் புது செட்டை மாட்டினால், புது பிக்கப்பும் அதே மங்கல் ஒலியைத்தான் தரும். பணம் போனதோடு மனமும் வெறுத்துப்போகும்.

கிட்டாரைத் திறக்காமலே பாதி உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கிட்டாரில் கேபிளைச் செருகுங்கள், மறுமுனையை ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செருக வேண்டாம். வால்யூம், டோன் எல்லாவற்றையும் 10-இல் வையுங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பிளக்கின் நுனியிலும் மற்றதை அதன் உடலிலும் பிடியுங்கள். ஸ்விட்ச் பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் வந்து தங்கும் பகுதி) பக்கம் தள்ளி இருப்பதை 1 என்றும் கழுத்துப் பக்கம் இருப்பதை 5 என்றும் கொண்டு, ஐந்து நிலைகளிலும் வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுற்று) பிக்கப்பின் மின்தடை பெரும்பாலும் 6 கிலோ ஓம் அருகில் இருக்கும். அதற்கு இணையாக 250 கிலோ ஓம் வால்யூம் பாட் நிற்பதால் மீட்டர் 5.8, 5.9 என்று காட்டும். 1, 3, 5 நிலைகளில் அப்படி வர வேண்டும். 2, 4 நிலைகளில் இரண்டு பிக்கப் இணையாகச் சேர்வதால் ஏறக்குறைய பாதி, அதாவது 3 கிலோ ஓம். உங்கள் கிட்டாரில் நடு பிக்கப் சுற்று அறுந்திருந்தால் 2, 4 நிலைகளிலும் 6 வரும், 3-ஆம் நிலையில் மீட்டர் அளவைத் தாண்டிவிடும். அப்போது மீட்டரைப் பெரிய அளவுக்கு மாற்றினால் 250 கிலோ ஓம் அருகில் ஒரு எண் தெரியும். அது வால்யூம் பாட் மட்டும் தனியாக நிற்பதன் அளவு.

அந்த 3-ஆம் நிலை எண்ணைக் கவனமாகப் பாருங்கள், உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம். 250-க்குப் பதிலாக 25 என்று வந்தால், மற்ற இரண்டு பிக்கப்பும் ஏன் மங்கலாக ஒலிக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு 25 கிலோ ஓம் பாட் போடுவது வழக்கம். முன்பு வைத்திருந்தவர் ஆக்டிவ் செட் போட்டு வாசித்துவிட்டு, விற்கும் நேரத்தில் அதைக் கழற்றிப் பழைய பிக்கப்பை மட்டும் திரும்ப மாட்டியிருப்பார். பாட்டை அப்படியே விட்டிருப்பார். சாதாரண பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் என்பது வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடச் சொல்வது போல. மேல் ஸ்தாயி அலைகள் எல்லாம் அங்கேயே கிரவுண்டுக்கு வழிந்துவிடும். இதற்கு மருந்து புது பாட், புது பிக்கப் அல்ல.

சரி, 250 அருகில் வந்து நடு பிக்கப் மட்டும் செத்திருந்தால் அடுத்த வேலை பிக்கார்டை, அதாவது பிக்கப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தட்டைத் திறப்பது. கம்பிகளைக் கழற்றி, சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து, தட்டை மெதுவாகப் புரட்டுங்கள். கேபிள் செருகும் ஜாக்குக்கும், பின்பக்கம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் ஒயர்கள் போகும், இழுத்துவிடாதீர்கள். எதையும் தொடும் முன் நாலைந்து போட்டோ எடுங்கள். அதோடு நிற்காமல் கையால் ஒரு படமும் வரையுங்கள். போட்டோவில் ஒரு ஒயருக்குப் பின்னால் இன்னொன்று மறைந்துபோகும். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு ஒயரையும் முனை முதல் முனை வரை தொடரும். இரண்டு ஒயர் ஏன் ஒரே இடத்துக்குப் போகின்றன என்ற கேள்வியும் அப்போதுதான் வரும்.

சால்டர் புள்ளிகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல புள்ளி பளபளப்பாக, ஒயரைச் சுற்றிச் சரிந்து படிந்திருக்கும். கெட்டது சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். தீக்குச்சியால் லேசாகத் தள்ளினால் ஒயர் உள்ளே ஆடும். நடு பிக்கப்பின் இரண்டு ஒயர்களிலும் நேரடியாக மீட்டரை வையுங்கள். 6 கிலோ ஓம் வந்தால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது. ஸ்விட்சிலோ சால்டரிலோதான் கோளாறு. ஸ்விட்சுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்து இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

நேராக வைத்தும் எண் வரவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. இந்தச் சுற்று எவ்வளவு நுண்மையானது என்று தெரிந்தால் பிக்கப்பைக் கையில் எடுக்கும் விதமே மாறும். வழக்கமாகப் பயன்படும் 42-ஆம் எண் செப்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.063 மி.மீ., தலைமுடி அளவுதான். அதை ஒரு பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். பழைய பாணிப் பிக்கப்புகளில் அந்தக் கம்பி நேராகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், நடுவில் பிளாஸ்டிக் சுவர் இல்லை. வாசிக்கும் கம்பிகளில் ஒன்று மட்டும் சத்தம் கூடுதலாக ஒலிக்கிறதே என்று நான் ஒருமுறை அதன் கீழிருந்த காந்தத்தைக் கட்டைவிரலால் ஒரு மி.மீ. அழுத்திவிட்டேன். "டிக்" என்று ஒரு மெல்லிய சத்தம். மீட்டர் அதற்குப் பிறகு எந்த எண்ணும் காட்டவில்லை. நண்பர் இருபது வருடம் வாசித்த பிக்கப் அது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், காந்தத் தண்டுகளைத் தள்ளாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் முனை சுற்றில் பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பைப் புரட்டிப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அடியில் செவ்வக வடிவக் கறுப்புக் காந்தக் கட்டை ஒட்டியிருந்தால் அது செராமிக் வகை. மேலே தெரியும் ஆறு தண்டுகளும் வெறும் இரும்பு. கட்டை இல்லாமல் தண்டுகளே காந்தமாக இருந்தால் அல்னிக்கோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் பெயரும் சேர்ந்தது அது. விலை குறைந்த கிட்டார்களில் செராமிக் அதிகம். செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஸ்ட்ராட்டின் அந்தக் கண்ணாடி போன்ற துல்லிய ஒலிதான் உங்களுக்கு வேண்டும் என்றால் அல்னிக்கோ 5 செட்டுக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

வாங்கும் முன் இரண்டு அளவுகள். ஒன்று, முதல் காந்தத் தண்டின் மையத்திலிருந்து ஆறாவது தண்டின் மையம் வரை. 48, 50, 52 மி.மீ. என்று வெவ்வேறு அளவில் வருகின்றன. பழைய பிக்கப்பின் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்கினால் கவர் பொருந்தும், கம்பிகளும் தண்டுகளின் நேர் மேலே ஓடும். இரண்டு, மரத்தில் குடைந்த குழியின் ஆழம். செட்டில் பிரிட்ஜுக்கானது, நடுவுக்கானது, கழுத்துக்கானது என்று குறித்திருப்பார்கள். பிரிட்ஜ் அருகில் கம்பி குறைவாக ஆடுவதால் அங்கே கொஞ்சம் கூடுதல் சுற்று கொண்ட பிக்கப் வரும். நடுவில் வருவதைப் பெரும்பாலும் சுற்றும் காந்தமும் எதிர்த்திசையில் இருக்கும்படி செய்திருப்பார்கள். அதனால்தான் 2, 4 நிலைகளில் இரைச்சல் அடங்குகிறது.

அந்த 2, 4 நிலைகளே முதலில் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது ஸ்விட்சில் மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து அந்தக் கலவை ஒலியைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைத் தொழிற்சாலையிலேயே போட ஆரம்பித்தது 1977-இல்தான்.

இப்போது வயரிங். மின்சாரம் போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் படமும் மிரட்டாது. ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் இரண்டு ஒயர் வரும். ஒன்று ஹாட் (சிக்னலைக் கொண்டுபோகும் ஒயர்), ஸ்விட்சுக்குப் போகும். மற்றது கிரவுண்ட் (திரும்பும் பாதை), வால்யூம் பாட்டின் முதுகுக்குப் போகும். ஸ்விட்ச் தேர்ந்தெடுத்ததை அதன் பொதுக்கால் வழியாக வால்யூம் பாட்டின் ஓரக் கால் ஒன்றுக்கு அனுப்பும். பாட்டின் நடுக்காலிலிருந்து ஜாக்கின் நுனிக்கு ஒரு ஒயர். மீதி இருக்கும் ஓரக் காலை வளைத்துப் பாட்டின் முதுகிலேயே ஈயம் வைத்துவிட வேண்டும். இரண்டு ஓரக் கால்களும் இடம் மாறிவிட்டால் ஒன்றும் கெடாது, குமிழ் தலைகீழாக வேலை செய்யும், அவ்வளவுதான். ஸ்விட்சின் மறுபக்கம் டோன் பாட்டுகளுக்கானது. டோன் பாட்டிலிருந்து கெபாசிட்டர் வழியாகக் கிரவுண்ட்.

ஸ்விட்ச் மட்டும் கவனம். திறந்த தகடு வகையில் இரண்டு பக்கமும் நாலு நாலு கால். பெட்டி வகையில் எட்டுக் காலும் ஒரே வரிசையில் இருக்கும். கால்களின் ஒழுங்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே யாருடைய படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஸ்விட்சை ஒவ்வொரு நிலைக்கும் தள்ளி, எந்தக் கால் எதோடு சேர்கிறது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.

பழைய ஸ்ட்ராட் முறையில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கிடையாது. அந்தக் கூரிய ஒலி காதைக் குத்துகிறது என்று நினைப்பவர்கள், ஸ்விட்சின் டோன் பக்கத்தில் பிரிட்ஜ் காலையும் நடு பிக்கப் காலையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துவிடுங்கள். இரண்டாவது டோன் குமிழ் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஒரு அங்குல ஒயரில் கிடைக்கும் இந்த வசதியை நான் எல்லா ஸ்ட்ராட்டிலும் செய்துவிடுகிறேன்.

பாகங்கள்: சிங்கிள் காயில் என்பதால் 250 கிலோ ஓம் பாட், ஆடியோ டேப்பர் (குமிழைத் திருப்பும்போது காதுக்குச் சீராகக் கூடிக் குறையும் வகை). பாட்டின் முதுகில் ஏ250கே என்பது போல அச்சிட்டிருக்கும். இறக்குமதி பாட்டுகளில் ஏ என்றால் ஆடியோ, பி என்றால் லீனியர். கெபாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட், மேலே 223, 473 என்று எழுதியிருக்கும். விலை உயர்ந்த கெபாசிட்டருக்குச் செலவழிக்காதீர்கள். அளவு சரியாக இருந்தால் போதும், கிட்டாரில் ஓடும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒயர், ஈயம், கெபாசிட்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும். பாட்டை மட்டும் கிட்டார் பாகம் விற்பவரிடம் வாங்குங்கள். பெரிய அமெரிக்க பாட்டுகளின் கழுத்து சுமார் 9.5 மி.மீ.; சின்ன பாட்டு போட்ட கிட்டாரில் பிக்கார்ட் துளை 8 மி.மீ. அருகில்தான் இருக்கும், நுழையாது. குமிழ் ஏறும் தண்டு பிளந்ததா முழுதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங்கில் ஆரம்பத்தில் தடுமாறும் இடம் பாட்டின் முதுகு. அது கனமான உலோகம், வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு அரை நிமிடம் தேய்த்தால் ஈயம் ஒட்டாது, உள்ளே இருக்கும் கார்பன் தடம்தான் வேகும். 40 முதல் 60 வாட், உளி போன்ற பட்டை முனை வையுங்கள். முதுகை உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து மினுக்குங்கள். முனையைப் படுக்கவைத்து, நடுவில் ரோசின் உள்ள 60/40 ஈயத்தை முனையில் வைக்காமல் உலோகத்தில் வையுங்கள். மூன்று நாலு விநாடியில் அது தண்ணீர் போலப் பரவும். அந்தக் குளத்தில் ஏற்கெனவே ஈயம் பூசிய ஒயரை இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, பளபளப்பு உறையும் வரை ஒயர் ஆடாமல் பிடியுங்கள். ஊதி ஆற்றாதீர்கள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் கூடவே கூடாது, சில மாதங்களில் ஒயரை அரித்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிட்டாரின் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். ஒரு சொட்டு ஈயம் தெறித்தால் பெயின்ட்டில் தழும்பு நிரந்தரம்.

பழைய பிக்கப்பின் ஒயரை வெட்டாதீர்கள். ஈயத்தை உருக்கி முழு நீளத்தோடு எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் விற்கவோ திரும்ப மாட்டவோ உதவும்.

வெவ்வேறு இடத்தில் வாங்கிய பிக்கப்புகளைக் கலக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது நடு பிக்கப்பை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஃபேஸ் பார்த்தே ஆக வேண்டும். தனித்தனியாக நன்றாக ஒலித்து, 2, 4 நிலைகளில் மட்டும் அடிநாதம் காணாமல்போய் மூக்கால் பேசுவது போல ஒலித்தால் இரண்டும் எதிரெதிராகத் தள்ளுகின்றன என்று அர்த்தம். சால்டர் செய்யும் முன்பே இதைச் சோதிக்கலாம். பிக்கப்பின் இரண்டு ஒயரையும் மீட்டரில் மாட்டி 20 கிலோ ஓமில் வையுங்கள். ஹாட் என்று நினைக்கும் ஒயர் எப்போதும் சிவப்பு முள்ளில் இருக்கட்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தண்டுகளின் மேல் ஒட்டவைத்து, வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். முள் அசையும் பழைய அனலாக் மீட்டரில் இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்று பிக்கப்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். எதிர்த்திசைச் சுற்றுள்ள நடு பிக்கப்புக்கும் இதே விதிதான். சுற்றும் காந்தமும் இரண்டுமே மாறியிருப்பதால் விளைவு நேராகிவிடுகிறது. ஒன்று மட்டும் மாறி அசைந்தால் அதன் ஹாட், கிரவுண்ட் ஒயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்.

பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் போடும் யோசனை பிறகு வரலாம். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த இரட்டைச் சுற்று, இரைச்சலை உண்மையாகவே அடக்கும். ஆனால் நாலு ஒயர் ஹம்பக்கரில் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். செய்மூர் டங்கன் தயாரிப்பில் கறுப்பு ஹாட், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். டிமார்சியோ தயாரிப்பில் சிவப்பு ஹாட், கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தயாரிப்பாளர் தாளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இரைச்சலுக்கு வருவோம். கையால் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் கிரவுண்ட் சரி. தொட்டும் மாற்றமே இல்லை என்றால் பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டுக்கு வரும் ஒயரைப் பாருங்கள். பழைய கிட்டார்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். தொட்டால் இரைச்சல் கூடினால், ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கலாம். குழியில் செப்புத் தாள் டேப் ஒட்டுவது நல்லதுதான். ட்யூப்லைட், டிம்மர், அடாப்டர் இவற்றின் கரகரப்பைக் குறைக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்காந்த முனகலைச் செப்புத் தாள் தடுக்காது, சிங்கிள் காயிலின் இயல்பு அது. ஆம்பிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் ஒரு அடி தள்ளி உட்கார்ந்து, கிட்டாரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், முனகல் அடங்கும் ஒரு கோணம் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிரவுண்ட் ஒயர் வழியாக உங்கள் விரல்கள் ஆம்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டியோ, இரண்டு முள் அடாப்டரில் செருகியோ வாசிக்காதீர்கள். நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் தவறு இது. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு கோளாறு வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டாலே உயிருக்கு ஆபத்து. இரைச்சலைக் குறைக்க எர்த்தை எடுத்துவிடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ட்யூப் ஆம்பைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் தட்டை மூடுவதற்கு முன்பே ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஸ்க்ரூடிரைவரால் தண்டுகளைத் தட்டிப் பாருங்கள். எந்தப் பிக்கப்பைத் தட்டினால் "டக்" என்று கேட்கிறதோ அதுதான் வேலை செய்கிறது. மூடிய பிறகு சத்தமே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஜாக்கின் தகடோ ஸ்விட்ச் காலோ செப்புத் தாளில் முட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

கடைசியாக உயரம். கம்பி மாட்டி ட்யூன் செய்து, கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தண்டின் தலைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த ஈ (E) கம்பியில் 2 மி.மீ., மெல்லிய ஈ கம்பியில் 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து காதை நம்பி ஏற்றி இறக்குங்கள். சத்தம் வேண்டும் என்று அல்னிக்கோ பிக்கப்பை மேலே ஏற்றிவிட்டால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியை மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கும்போது ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து ஆடுவது போலக் கேட்கும். ட்யூனிங் எவ்வளவு பார்த்தாலும் தீராது. கழுத்துப் பிக்கப்பை ஒரு மி.மீ. இறக்கினால் போய்விடும். பழைய பிக்கப்பே போதும் என்று முடிவானாலும் இந்த உயரத்தைச் சரிசெய்யுங்கள், மெலிந்த ஒலிக்குப் பல நேரம் இதுவே காரணம்.

நீங்கள் வரைந்த வயரிங் படத்தில் பாட் அளவு, பிக்கப்பின் ஓம் எண்கள், தேதி எல்லாம் எழுதி, கழற்றிய பாகங்களோடு ஒரு கவரில் போட்டு கிட்டார் பெட்டியில் வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.